தொடர் முடியும் முன்னே தீர்ப்பு!
வாரந்தோறும் ஜப்பானியச் சித்திரப் படம் பார்ப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை 6-30 மணி. ஜப்பானில் இந்த நேரத்துக்கென்று ஒரு தனிச் சோகம் உண்டு. 'சசாயே-சான்' என்ற சித்திரத் தொடர் டெலிவிஷனில் வரும் நேரம் அது. ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதை. சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் அது முடிந்தால் விடுமுறையும் முடிந்தது. விடிந்தால் திங்கட்கிழமை, ஆபீஸ். அப்போது வரும் மனச் சோர்வுக்கு அந்த நாட்டு உத்தியோகஸ்தர்கள் 'சசாயே-சான் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1969 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஒளிபரப்பாகும் சித்திரத் தொடர் என்று 2013-ல் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தது.

'அனிமே' என்று அங்கே சுருக்கமாக அழைக்கப்படும் சித்திரத் தொடர்களைக் குழந்தைகள் மட்டும் பார்ப்பதில்லை. கல்லூரி மாணவர், கடைச் சிப்பந்தி, குமாஸ்தா எல்லோரும் பார்க்கிறார்கள். வாரம் ஒரு பாகம் வரும். பார்த்த கையோடு நல்லது கெட்டது பேசுவார்கள், எழுதுவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் காத்திருப்பார்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடியாத கதைக்கு வாரா வாரம் தீர்ப்பு எழுதும் இந்தப் பழக்கம் சில தொடர்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. சில சமயம், இரவு பகலாக உழைத்தவர்களை நோகடித்தும் இருக்கிறது.

ஆண்டுக்கு நான்கு அறுவடை

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் புதிய தொடர்கள் தொடங்கும். மூன்று மாதம், அதாவது 12 அல்லது 13 வாரம் ஒரு கணக்கு. சில தொடர்கள் ஒரு கணக்கோடு முடியும். சில இரண்டு கணக்கு ஓடும். ஒரு பாகத்துக்கு அரை மணி நேரம். விளம்பரம், தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு ஆகியவை போக, கதைக்கு மிஞ்சுவது 20 நிமிடத்துக்குச் சற்று மேல்.

பெரியவர்களுக்கான தொடர்கள் பலவும் நள்ளிரவுக்குப் பிறகே வருகின்றன. ஜப்பான் டெலிவிஷன் நிகழ்ச்சி நிரலில் இரவு ஒரு மணியை '25 மணி' என்று போடுவது வழக்கம். நேற்றைய நாள் இன்னும் முடியவில்லை என்று பொருள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் பதிவு செய்து வைத்து, வசதிப்பட்ட நேரத்தில் பார்ப்பார்கள்.

தெசூகா போட்ட பாதை

இந்த வார வழக்கத்துக்குப் பாதை போட்டவர் ஒசாமு தெசூகா. டாக்டருக்குப் படித்து, சித்திரக் கதை எழுதப் போனவர். 1963 ஜனவரி 1-ந் தேதி அவருடைய 'அணுச் சிறுவன்' தொடர் டெலிவிஷனில் தொடங்கியது. அரை மணி நேரச் சித்திரப் படத்தை வாரம் தவறாமல் தருவது நடக்காத காரியம் என்று பலரும் நினைத்த காலம் அது.

தெசூகா சிக்கன வழி கண்டார். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைந்தால் வாரத்துக்குள் முடியாது. ஒரே படத்தை மூன்று பிம்பத்துக்கு நிறுத்தினால் விநாடிக்கு எட்டுப் படம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையட்டும். பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தி, வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

தொடர் பெரும் வெற்றி பெற்றது. பார்வையாளர் அளவு ஒரு கட்டத்தில் 40 சதவீதத்தைத் தாண்டியது. 1966 இறுதிவரை 193 பாகங்கள் வந்தன. ஆனால் தயாரிப்புச் செலவுக்கும் குறைந்த விலைக்கே அந்தத் தொடர் விற்கப்பட்டது. 'குறைந்த பணம், குறைந்த நாள், வாரம் ஒன்று' என்ற வழக்கம் அன்றே வேரூன்றியது. தெசூகா தொடங்கிய 'மூஷி' கம்பெனி, அவர் விலகிய பிறகு, 1973-ல் திவாலாயிற்று. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

52 என்று தொடங்கி 43-ல் முடிந்தது

வாரக் கணக்கு எப்படித் தவறும் என்பதற்கு 'கண்டாம்' தொடரே சாட்சி. யொஷியுகி தொமினோ இயக்கிய இந்தத் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. ராட்சத இயந்திரங்கள் மோதும் போர்க் கதை. ஆனால் இதில் எதிரிக்கும் நியாயம் உண்டு. இயந்திரத்தை ஓட்டும் பையனுக்குப் பயமும் களைப்பும் உண்டு.

விளம்பரதாரர் ஒரு பொம்மைக் கம்பெனி. பொம்மை கேட்கும் சிறுவர்களுக்குக் கதை பிடிபடவில்லை. பார்வையாளர் அளவு குறைந்தது, பொம்மையும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 52 பாகம் வர வேண்டிய தொடர் 43-லேயே 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் வாரந்தோறும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1978-ல் தொடங்கிய 'அனிமேஜ்' போன்ற சித்திரப் படப் பத்திரிகைகளில் அவர்களுக்கென்று இடம் இருந்தது. மறு ஒளிபரப்பில் கூட்டம் கூடியது. 1980 ஜூலையில் 300 யென் விலையில் வந்த, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிப் பொம்மைகளுக்காகக் கடைகளில் வரிசை நின்றது. 1981 பிப்ரவரி 22-ந் தேதி டோக்கியோவில் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியே ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மார்ச்சில் அது சினிமாவாகவே வந்தது. இன்றும் கண்டாம் பெயரில் புதிய தொடர்கள் வந்தவண்ணம் உள்ளன.

எண்ணிக்கை கைவிட்டதை ரசிகர்களின் வாய்ப்பேச்சும் எழுத்தும் காப்பாற்றின என்றால் மிகையாகாது.

தென்னை நண்டு

மறுபக்கமும் உண்டு. 1998-ல் 'லாஸ்ட் யூனிவர்ஸ்' என்ற தொடர் வந்தது. அதன் நான்காம் பாகத்தில் படங்கள் பார்க்கச் சகிக்காமல் இருந்தன. முகங்கள் கோணின, அசைவுகள் தடுமாறின. அந்தப் பாகத்தின் தலைப்பில் 'தென்னை நண்டு' என்று பொருள்படும் 'யஷிகானி' என்ற சொல் இருந்தது. அன்று முதல், படம் மோசமாக வந்தாலே 'யஷிகானி' என்று ரசிகர்கள் கேலி பேசத் தொடங்கினார்கள். பின்னர் வீடியோவில் வெளியிட்டபோது அந்தப் பாகம் திருத்தி வரையப்பட்டது. ஆனால் கேலி திருத்தப்படவில்லை.

அந்த வாரம் படம் மோசம் என்று சொன்னது தவறல்ல. உள்ளதை உள்ளபடி சொல்வதே விமரிசகன் வேலை. ஆனால் 'வரையத் தெரியாதவர்கள்' என்று முடிவு கட்டுவது வேறு. கை சரியில்லையா, கொடுத்த நாள் போதவில்லையா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்கும், மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுத்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும்.

ஒரு படத்துக்கு 200 யென்

ஒரு பாகம் உருவாகும் விதம் இது. முதலில் காட்சிகளைச் சிறு கட்டங்களில் வரைந்து திட்டம் போடுவார்கள். அடுத்து, அனுபவம் உள்ள கலைஞர்கள் ஒவ்வோர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார்கள். இரண்டு நிலைகளுக்கு இடையே வரும் படங்களை இளம் கலைஞர்கள் வரைந்து நிரப்புவார்கள். பிறகு வர்ணம், பின்னணி, படப்பதிவு, குரல், இசை. ஒரு பாகத்துக்கு ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும்.

இடைப் படம் வரைகிறவருக்கு ஒரு படத்துக்கு 200 யென் அளவில்தான் கூலி என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஜப்பான் சித்திரக் கலைஞர் சங்கம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இடைப் படக் கலைஞரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். அதாவது மாதத்துக்கு ஒரு லட்சம் யென் கூட இல்லை. டோக்கியோவில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிட அது காணாது. வேலையின் ஒரு பகுதி தென் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளுக்கும் போகிறது.

இந்த அவதியையே கதையாக்கி 2014 அக்டோபரில் ஒரு தொடர் வந்தது. பெயர் 'ஷிரோபாகோ'. ஒரு சித்திரப் படக் கம்பெனியில், வரைந்த தாள்களை வாங்கிவர ராத்திரியில் கார் ஓட்டும் உதவியாளப் பெண்தான் கதாநாயகி. அதைப் பார்த்த பிறகு, 'இந்த வாரம் படம் கொஞ்சம் சுமார்' என்று சொல்லும்போது பலருக்கு நாக்கு ஒரு கணம் தயங்கியிருக்கும்.

மூன்று வார விதி

ஒரே பருவத்தில் பல பத்துத் தொடர்கள் தொடங்கும்போது எதை விடுவது, எதைத் தொடர்வது? ரசிகர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்தத் தொடருக்கும் மூன்று வாரம் கொடு, அதன் பின் முடிவு செய் என்பதே அது.

2011 ஜனவரியில் வந்த 'மடோகா மாகிகா' அந்த விதிக்குப் பெருமை சேர்த்தது. தொடக்கத்தில் அது மந்திர சக்தி பெறும் சிறுமிகளைப் பற்றிய இனிப்பான கதை போலத் தெரிந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் கதையின் நிறமே மாறிவிட்டது. இரண்டு வாரத்தோடு கைகழுவியவர்கள் ஏமாந்தார்கள்.

அந்தத் தொடருக்கு வேறொரு சோதனையும் வந்தது. பத்தாம் பாகம் வந்த மறுநாள், மார்ச் 11-ந் தேதி, பெரும் பூகம்பமும் கடல் கொந்தளிப்பும் வடகிழக்கு ஜப்பானைச் சூறையாடின. மிஞ்சியிருந்த இரண்டு பாகங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, ஏப்ரல் மூன்றாவது வாரம் ஒரே இரவில் ஒளிபரப்பாயின. நாடே துயரத்தில் இருந்த நாட்களில், முடிவு தெரியாமல் ஆறு வாரம் காத்திருந்தவர்களுக்கு அந்த இரவு மறக்காது.

ஒரே கதை, எட்டு வாரம்

பொறுமைக்கும் எல்லை உண்டு என்று காட்டியது 2009-ம் ஆண்டு. கியோட்டோ அனிமேஷன் கம்பெனி தயாரித்த 'சுசுமியா ஹாருஹி' தொடரில், பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் 31 முடிந்தால் மறுபடி ஆகஸ்ட் 17. கதைக் கணக்குப்படி அந்த நாட்கள் 15,532 முறை திரும்புகின்றன.

இதை ஒரு பாகத்தில் சொல்லியிருக்கலாம். அவர்கள் எட்டு பாகங்களில் சொன்னார்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, எட்டு வாரமும் ஏறக்குறைய அதே கதை. பழைய படத்தைத் திரும்பப் போடவில்லை. ஒவ்வொரு வாரமும் உடை வேறு, கோணம் வேறு. குரலும் புதிதாகப் பதிவு செய்தார்கள். இந்த வாரமாவது முடியுமா என்று உட்கார்ந்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

இன்று ஒருவர் எட்டு பாகத்தையும் ஒரே மாலையில் பார்த்தால் அது ஒரு விநோதம், அவ்வளவுதான். ஆனால் அந்த மாணவர்களின் சலிப்பைத் தன் சலிப்பாகவே அனுபவித்தவன் அன்று வாரந்தோறும் பார்த்தவன் மட்டுமே. அவன் கோபமும் உண்மை. அந்தக் கோபமே கதையின் பொருள் என்பதும் உண்மை. முழுவதும் முடிந்தபின் எழுதும் விமரிசனத்தில் இந்த அனுபவம் கிடைக்காது. வார விமரிசனத்துக்கு என்றும் இடம் இருப்பது இதனால்தான்.

நம் வீடுகளுக்கும் வந்தது

ஜப்பானில் 1989-ல் தொடங்கிய மோக்லியின் காட்டுக் கதை, 52 பாகத் தொடர். 1990-களில் அது தூர்தர்ஷனில் இந்தியில் வந்தபோது, பம்பாயிலும் டில்லியிலும் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் அதற்காகக் காத்திருந்தார்கள். அது ஜப்பானியத் தொடர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்று செல்போன் உள்ள எவரும் ஜப்பானோடு சேர்ந்து வாரா வாரம் பார்க்கலாம். 2024 ஜனவரியில் தொடங்கிய 'சோலோ லெவலிங்' தொடர் தமிழ்க் குரலிலும் வந்தது. மேன்ஷனிலும் கம்பெனிக் குடியிருப்பிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அடுத்த பாகத்தைப் பற்றி இளைஞர்கள் வாதாடுவதை இப்போது கேட்கலாம்.

அவர்களுக்குப் பழைய ரசிகர்கள் சொல்லித்தந்த வழக்கம் ஒன்று உண்டு. 1970-களின் பிற்பகுதியில் சில ரசிகர்கள், ஒரே தொடரில் ஒரு வாரம் அசைவு துள்ளுவதையும் மறு வாரம் சோர்வதையும் கவனித்தார்கள். காரணம் தேடி, பாட்டோடு ஓடும் பெயர்ப் பட்டியலைப் படிக்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் யொஷினோரி கனடா என்ற சித்திரக்காரரின் பெயர் வெளியே தெரிந்தது. கதாநாயகனையும் இயக்குநரையும் மட்டும் பேசிய உலகில், படம் வரைந்த தொழிலாளியின் பெயரைச் சொல்லிப் பாராட்டியவர்கள் அந்த வார ரசிகர்களே.

கதை பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் முடிவுப் பாட்டை அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டியதில்லை. ஒன்றரை நிமிடம்தான். அந்த வாரம் வேலை செய்தவர்களின் பெயர்கள் அதில்தான் வருகின்றன.