ஒருவர்க்கு இரு பெயர்

மணமானதும் கணவரின் குடும்பப் பெயரை ஏற்பது அமெரிக்கப் பெண்டிர் பலரின் வழக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் 2013 நவம்பரில் நடந்த தேர்தலில் இவ்வழக்கமே இடராயிற்று. வாக்களிப்போர் புகைப்படச் சான்று காட்டவேண்டும், அதிலுள்ள பெயர் வாக்காளர் பட்டியலோடு பொருந்தவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கள்ள வாக்கைத் தடுப்பது முறையே. ஆனால், மாணவர்களே, அங்கே அகப்பட்டவர் யார்?

மாவட்ட நீதிபதி சாண்ட்ரா வாட்ஸ்! அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் நடுப்பெயராக நின்றது பிறந்தகத்துக் குடும்பப் பெயர். பட்டியலிலோ பெற்றோர் இட்ட நடுப்பெயர். இரண்டும் தம்மையே குறிக்கும் என்று அவர் உறுதிமொழியில் கையொப்பமிட நேர்ந்தது. தீர்ப்பு வழங்குபவருக்கே இந்நிலையா என்று நான் திகைத்தேன்.

ஏறத்தாழ ஒத்த பெயர்களுக்கே அவ்வுறுதிமொழி செல்லும். பெயர் முற்றும் வேறானவளுக்குத் தற்காலிக வாக்குச்சீட்டுதான். ஆறு நாட்களுக்குள் தக்க சான்றுடன் அவள் பதிவு அலுவலகம் செல்லாவிடில் அது எண்ணப்படாது என்பதே அன்றைய விதி.