உவமைக் கதையில் உறவுச்சொல்: விசுவாச வளர்ச்சியும் மொழிபெயர்ப்பும்

1. வினாவிடையும் கதையும்

தமிழில் அச்சேறிய தொடக்ககாலக் கிறித்தவ நூல்களை இரு வகையாகப் பகுக்கலாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகிய இரண்டும் கோட்பாட்டையும் செபத்தையும் கற்பிப்பன. பின்னது ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினாவிடை அமைப்புடையது. 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் வாழ்க்கையைக் கதையாகக் கூறுவது. முத்துக்குளித்துறைக் கிறித்தவரிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரே இம்மூன்றையும் உருவாக்கினார். கோட்பாட்டை வகுத்துக் கொடுத்தவரே கதைத்தொகுப்பு ஒன்றையும் பெருநூலாகச் செய்தமை கருதத்தக்கது.

வினாவிடையில் ஒவ்வொரு வினாவுக்கும் உரிய விடை நூலிலேயே உண்டு. கற்பவர் அதனை ஏற்று ஒப்புவிக்கிறார். கதையிலோ கேட்பவர் ஏதேனும் ஒரு மாந்தரின் இடத்தில் தம்மை நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. விசுவாசம் அறிவுநிலையிலிருந்து வாழ்வுநிலைக்கு ஆழப்படுவது இவ்விடத்திலேயே எனலாம். இதற்கு மொழிக்கூறுகள் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்திலுள்ள இரு மைந்தர் உவமை தெளிவாகக் காட்டுகிறது.

2. விளியும் சுட்டும்

பாவிகளோடு இயேசு உண்பதைக் கண்டு முறுமுறுத்த பரிசேயரும் மறைநூல் அறிஞரும் இவ்வுவமையைக் கேட்டோருள் அடங்குவர். அவர்களுக்குரிய இடம் மூத்த மகனின் இடமே. கிரேக்க மூலத்தில் இளைய மகன் பேசும்போதெல்லாம் தந்தையைத் தந்தையே என விளிக்கிறான். மூத்தவனோ விளியின்றியே பேசத் தொடங்குகிறான். திரும்பி வந்தவனைத் தன் தம்பி என்னாமல், தந்தையின் மகன் என்று சுட்டி விலக்குகிறான். அதற்கு முன்பே வேலையாள் அவனிடம் உம் சகோதரன் என்றுதான் கூறியிருந்தான். தந்தையின் மறுமொழி மூத்தவனைப் பிள்ளையே என விளித்துத் தொடங்கி, வந்தவனை உன் சகோதரன் என்று சுட்டி முடிகிறது. மூத்தவன் அறுத்த உறவைத் தந்தை ஓர் உடைமைப் பெயரை மாற்றுவதன் மூலமே மீண்டும் இணைக்கிறார். மன்னிப்பைப் பற்றிய விளக்கவுரை எதுவும் அங்கு இல்லை.

3. இரு தமிழாக்கங்கள்

சீர்திருத்தத் திருச்சபையாரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய திருப்புதலில், தந்தையின் கூற்றில் 'சகோதரன்' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தம்பி' என்கிறது. கிரேக்கச் சொல் மூத்தோன், இளையோன் என்னும் வேறுபாட்டை உணர்த்துவதன்று. தமிழ் வழக்கோ அவ்வேறுபாட்டைப் பேணுவது. திருச்சபை வழக்கில் 'சகோதரன்' சபையார் அனைவருக்கும் பொதுச்சொல்லாகிவிட்டமையால், அதில் குடும்ப உறவின் நெருக்கம் குறைகிறது. 'தம்பி' என்பதோ மூத்தவனின் பொறுப்பையும் உடன் நினைவூட்டுகிறது.

மூத்தவன் தன் உழைப்பைக் குறிக்கும் சொல்லும் ஒப்பிடத்தக்கது. மூலத்தில் அது அடிமைத்தொழிலை உணர்த்தும் வினை. பழைய திருப்புதல் 'ஊழியம்' என்னும் சொல்லால் அதனைப் பெயர்க்கிறது. கிறித்தவத் தமிழில் இச்சொல் இறைப்பணியைக் குறிக்கும் மதிப்புச்சொல்லாக நிலைபெற்றுள்ளமையால், இக்காலச் செவிக்கு மூத்தவனின் கசப்பு புலப்படுவதில்லை. மாறாக அவன் பக்தனாகவே தோன்றுகிறான். பொது மொழிபெயர்ப்பு 'அடிமை' என்னும் சொல்லையே ஆள்வதால், மகனாயிருந்தும் தன்னை அடிமையாகக் கருதிய அவனது உள்ளம் வெளிப்படுகிறது.

முன்னிலை மதிப்பொருமையில் வேறொரு சிக்கல் எழுகிறது. கிரேக்கத்தில் நீ, நீர் என்னும் வேறுபாடு இல்லை. இரு தமிழாக்கங்களும் மூத்தவனை 'நீர்' என்னும் முறையில் பேசவைக்கின்றன. தமிழ்க் குடும்ப மரபுக்கு அது இயல்பானதே. ஆயினும் விளியை விட்டதால் மூலத்தில் தோன்றும் மரியாதைக் குறைவை 'உமக்கு' போன்ற வடிவங்கள் ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன. நீ என்று பெயர்ப்பின் குற்றம் மிகையாகும். எனவே விளியில்லா இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தாமாக 'அப்பா' என்று சேர்த்துவிடாதிருத்தல் இன்றியமையாதது.

4. முடிவுரை

மூத்தவன் வீட்டினுள் சென்றானா என்பதை உவமை கூறவில்லை. வினாவிடைக்கு மாறாக, இங்கு விடை கேட்பவரிடம் விடப்படுகிறது. தம்பியாக ஏற்பதா, தந்தையின் மகன் என ஒதுக்குவதா என்பதே அவர்முன் நிற்கும் தெரிவு. ஆண்டுதோறும் இக்கதையைக் கேட்கும் சபையாரும் அத்தெரிவுக்கு உட்படுகின்றனர். கதையைப் பழக்கப்பட்ட சமயச் சொற்களால் மென்மையாக்கினால் தெரிவு மறைந்து அறிவுரை மட்டுமே எஞ்சும். ஆதலின் உவமையைப் பெயர்ப்போர் கோட்பாட்டுச் சொற்களில் காட்டும் கவனத்தை விளி, சுட்டு, உறவுப்பெயர் ஆகிய சிறு கூறுகளிலும் காட்டுதல் வேண்டும்.