போனில் எந்த பிரவுசர் வைத்திருக்கிறீர்கள், சகோதரிகளே?



போன மாதம் பேரணாம்பட்டு பக்கம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை, தீர்மான நோட்டில் கையெழுத்து எல்லாம் முடிந்து பெண்கள் எழுந்து போன பிறகும், ஒரு சகோதரி மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். "மேடம், இந்த போனைக் கொஞ்சம் பாருங்களேன். நான் ஒண்ணும் தொடலை, தானா வருது" என்று நீட்டினார்.

திரை முழுக்க அறிவிப்புகள். "உங்களுக்கு 50,000 ரூபாய் கடன் ரெடி", "உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது", "வீட்டிலிருந்தே வேலை, தினமும் வருமானம்". அந்தச் சகோதரி வீட்டில் ஷூ அப்பர் தைக்கிறவர். ஒரு ஜோடிக்கு என்ன கூலி கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலிருந்தே வேலை என்று வந்தால் யார்தான் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்?

பொறுமையாக விசாரித்தோம். மருமகள் பெயரை ரேஷன் கார்டில் சேர்ப்பது எப்படி என்று தேடியிருக்கிறார். ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அதில் 'அலோ' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால்தான் உள்ளே போக முடியும் என்று நினைத்து அமுக்கிவிட்டார். அன்று ஆரம்பித்தது இந்தத் தொல்லை. அதில் வந்த ஒரு கடன் விளம்பரத்தைத் தொட்டு, ஆப் ஒன்றை இறக்கி, 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கையில் வந்தது 3,000-க்குக் கொஞ்சம் மேல். ஏழாவது நாள் முழு 5,000-த்தையும் கட்டு என்று மிரட்டல். போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் மெசேஜ் போயிருக்கிறது, நாத்தனாருக்கும் சேர்த்து.

"குழுவில கேட்டிருந்தா கொடுத்திருப்போமே" என்றார் ஊக்குநர். "போன கடனே முடியல, எந்த முகத்தோட கேக்கறது" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த நிலைமையில் நம்மில் பலரும் அதையேதான் செய்திருப்போம். அந்தக் கடன் ஆப் அவர் போனுக்குள் எந்த வழியாக வந்தது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். அந்த வழிக்குப் பெயர் பிரவுசர்.

பிரவுசர் என்றால் என்ன?

நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டும் ஆப்தான் பிரவுசர். தமிழில் உலாவி என்று சொல்வார்கள். பெரும்பாலான போனில் குரோம் இருக்கும். சில போனில் கம்பெனிக்காரன் வைத்த பிரவுசர் இருக்கும். "கூகுள்ல பார்த்தேன்" என்று நாம் சொல்லும்போது, பாதி நேரம் அந்த பிரவுசரைத்தான் சொல்கிறோம். வீட்டுக்கு வாசற்கதவு மாதிரி இது. கதவு நாம் வைத்ததா, வேறு யாரோ வைத்துவிட்டுப் போனதா என்று இதுவரை நாம் கேட்டதே இல்லை.

ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் மட்டும் வருவதில்லை. விளம்பரம் அனுப்பும் கம்பெனிகள், யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனிகள் எனப் பல இடங்களுக்கு நம் போன் நமக்குத் தெரியாமலே செய்தி அனுப்பும். அவர்கள் நம் போனில் 'குக்கி' என்று ஒன்றைப் போட்டுவைப்பார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வெட்டிய தோல் துண்டுகளைக் கட்டாகக் கட்டினால், அந்தக் கட்டோடு நம்பர் போட்ட சீட்டு ஒன்று போகும் இல்லையா? கட்டிங்கில் இருந்து தையலுக்கு, தையலில் இருந்து அடுத்த இடத்துக்கு, கட்டு எங்கே போனாலும் சீட்டைப் பார்த்தால் சூப்பர்வைசருக்குத் தெரியும். குக்கியும் அப்படித்தான். இங்கே கட்டு என்பது நாம். நாம் எந்தப் பக்கம் போனோம், என்ன தேடினோம், எவ்வளவு நேரம் நின்றோம் எல்லாம் அந்தச் சீட்டில் ஏறும்.

ஏறினால் என்ன, நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது என்று கேட்கலாம். ஆம்பூரில் ஒரு சகோதரி கர்ப்பப்பைக் கோளாறு பற்றி இரவில் தேடினார். வீட்டில் ஒரே போன். மறுநாள் காலை மைத்துனர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் திறந்தால், கர்ப்பப்பை ஆபரேஷன் விளம்பரம் வரிசையாக வருகிறது. "இன்னா அண்ணி, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாராம். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனாலும் அந்தச் சகோதரி டாக்டரிடம் போகும் முன்பே விஷயம் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தரங்கம் என்பது படித்தவர்கள் பேசும் பேச்சு மட்டும் அல்ல. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியுரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீட்டுப் பெண்ணுக்கும் அது உண்டு.

நாம் வைத்திருந்த பிரவுசர்கள் செய்த வேலை

உங்களில் பலர் முன்பு யூசி பிரவுசர் வைத்திருந்தீர்கள். நாங்களும் வைத்திருந்தோம். சீக்கிரம் திறக்கும், டேட்டா குறைவாக ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-இல் அதைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நாம் தேடும் வார்த்தைகள் பூட்டு இல்லாமல், தபால் கார்டில் எழுதியது போல, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போகின்றன என்று அதில் சொன்னார்கள். சீன மொழிப் பதிப்பில் போனின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும்கூடப் போனதாம். 2020 ஜூனில் மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தபோது டிக்டாக்கோடு யூசி பிரவுசரும் போனது. டிக்டாக் போனதைத்தான் ஊரே பேசியது. பிரவுசர் போனதை யாரும் கவனிக்கவில்லை.

அதே 2020-இல் ஷியோமி கம்பெனியின் பிரவுசர் மேலும் இப்படி ஒரு புகார் வந்தது. ரெட்மி போன் தயாரிப்பது அவர்கள்தான். 'இன்காக்னிட்டோ' என்ற மறைவு முறையில் பார்த்தாலும், பார்த்த பக்கங்களின் விவரம் கம்பெனிக்குப் போகிறது என்று ஓர் ஆய்வாளர் சொன்னார். கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு அதை நிறுத்திக்கொள்ள ஒரு பட்டன் வைத்தது.

இந்த இன்காக்னிட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது மறைப்பது அதே போனை அடுத்து எடுப்பவரிடம் இருந்து மட்டும்தான். மைத்துனருக்குத் தெரியாது, வெளியில் இருக்கும் கம்பெனிக்குத் தெரியும். அமெரிக்காவில் இதற்காக கூகுள் மேல் 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் சமாதானம் ஆனபோது, அந்த முறையில் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

குரோமும் கூகுளுடையதுதான். பாதுகாப்பு விஷயத்தில் அது மோசம் இல்லை. ஆனால் கூகுளுக்கு வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தில்தான். மற்ற கம்பெனிகள் நம்மைப் பின்தொடரும் குக்கியை இரண்டு வருஷத்தில் நிறுத்துகிறோம் என்று 2020-இல் அறிவித்தார்கள். தள்ளித் தள்ளிப் போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோமில் தனியாக விளம்பரத் தடுப்பைச் சேர்க்கவும் வழி இல்லை.

சரி, எதை வைப்பது?

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். செட்டிங்ஸ் எல்லாம் தொட பயமாக இருக்கிறது என்பவர்கள் 'பிரேவ்' வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுப்பது அதில் முதலிலேயே போட்டே வருகிறது. இறக்கினால் போதும். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் 'ஃபயர்பாக்ஸ்' இன்னும் நல்லது. மொசில்லா என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் கீழ் வருவது. அதில் மூன்று புள்ளியைத் தொட்டு, எக்ஸ்டென்ஷன் என்ற இடத்தில் 'யூபிளாக் ஆரிஜின்' என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. இரண்டுக்கும் காசு கிடையாது. விளம்பரப் படமும் வீடியோவும் இறங்காததால் ரீசார்ஜ் டேட்டாவும் மிச்சம், பழைய போனிலும் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

இவர்களும் முழுக்க யோக்கியர்கள் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. பயனர் டைப் செய்த சில முகவரிகளில் தங்களுக்குக் கமிஷன் வரும்படி ஒரு குறியைச் சேர்த்ததாக பிரேவ் 2020-இல் மாட்டிக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. 'டக்டக்கோ' என்ற இன்னொரு பிரவுசர், மைக்ரோசாஃப்ட்டின் சில பின்தொடர்தலை மட்டும் விட்டுவைத்தது 2022-இல் வெளியே வந்தது. கேள்வி கேட்டார்கள், அதையும் சரி செய்தார்கள். ஃபயர்பாக்ஸுக்கும் பெரும் பணம் கூகுளிடம் இருந்துதான் வருகிறது. பிரேவில் 'ரிவார்ட்ஸ்', 'வாலட்' என்று காட்டினால் தொடாதீர்கள். பணம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். பெயருக்குக் கீழே பிரேவ் சாஃப்ட்வேர், மொசில்லா என்று இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வழியாக இறக்கவே இறக்காதீர்கள். இறக்கிய பிறகு போனின் அமைப்புகளில் ஆப்ஸ், அதில் இயல்புநிலை ஆப்ஸ் என்று போய், பிரவுசர் என்ற இடத்தில் புதியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் லிங்க் எல்லாம் பழைய கதவு வழியாகவே திறக்கும். நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். சில சமயம் அரசுப் பக்கத்திலோ பேங்க் பக்கத்திலோ படிவம் திறக்காது. முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்க முகத்தையோ கேடயத்தையோ தொட்டு, அந்தப் பக்கத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திவிட்டு வேலையை முடியுங்கள்.

குரோமே போதும் என்பவர்கள் ஒன்றாவது செய்யுங்கள். மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள். அங்கே அனுமதி கொடுத்த பக்கங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். பேரணாம்பட்டு சகோதரியின் போனில் அப்படி ஒன்பது பெயர் இருந்தது. நீக்கியதும் அந்தத் தொல்லை நின்றது.

எந்த பிரவுசரும் தடுக்க முடியாதவை உண்டு. ஃபேஸ்புக், யூடியூப் ஆப்புக்குள் வரும் விளம்பரத்தை அது தடுக்காது. வாட்ஸ்அப் செய்தியையும், ஓடிபி கேட்டு வரும் போனையும் தடுக்காது. கூகுளில் தேடினால் முதலில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டு வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். ரேஷன் கார்டு வேலை என்றால் முகவரி ஜி-ஓ-வி, புள்ளி, ஐ-என் என்று முடிகிறதா பாருங்கள். அதற்குப் பிறகு சாய்வுக் கோடு வரலாம், வேறு புள்ளியும் பெயரும் வந்தால் அது போலி.

கடன் ஆப் விஷயத்தில் சட்டம் நம் பக்கம்தான். கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் ஃபைல்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. அதே வருஷம் பிப்ரவரியில், 'கேஷ்பீன்' ஆப்பை நடத்திய கம்பெனியின் பதிவையே ரத்து செய்தது. அநியாய வட்டி வாங்கியதும், வசூலுக்கு ரிசர்வ் வங்கி, சிபிஐ முத்திரைகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதும் காரணங்களில் சேர்ந்தவை. யாராவது மிரட்டினால் பணம் கட்டுவதற்கு முன்னால் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான உதவி எண் அது. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தச் சகோதரியும் ஊக்குநரோடு போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். மிரட்டல் மெசேஜ் இப்போது வருவதில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லையாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லாரும் போனை சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொரு போனிலும் அந்த அறிவிப்புப் பட்டியலை நாம் சேர்ந்து பார்த்து நீக்குவோம். வீட்டில் ஒரே போன்தான் என்றால் அன்று ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வாருங்கள்.