பணியின்போது கைப்பேசிச் செய்திகளைக் கை தொடாமல் கேட்டல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர் சுற்றுவட்டார ஆலைகளிலும் பணிபுரிந்துகொண்டே, வீட்டில் உள்ள நோயாளியையும் கவனித்துக்கொள்வோர் பலர். டயாலிசிஸ் நேர மாற்றம், ஆய்வக முடிவு, மாத்திரை குறித்த ஐயம் என எந்தச் செய்தியும் வேலை நேரத்தில் வரக்கூடும். கைப்பேசியைக் கையில் எடுக்காமலேயே செய்திகளைக் கேட்கும் வசதி இவர்களுக்குப் பயன் தரும். ஆயினும் அதனை எங்கு பயன்படுத்தலாம், எங்கு தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வசதி எவ்வாறு செயல்படுகிறது?

கைப்பேசியில் உள்ள மென்பொருள், எழுத்து வடிவிலான செய்தியைப் பேச்சாக மாற்றி ஒலிபெருக்கி அல்லது ப்ளூடூத் இயர்போன் வழியாக ஒலிக்கச் செய்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுளின் பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரலும் உண்டு. கூகுள் அசிஸ்டென்ட், சிரி போன்ற குரல் உதவியாளர்களிடம் வாய்மொழியாகக் கட்டளையிட்டுச் செய்தியை வாசிக்கச் செய்யலாம், பதிலும் அனுப்பலாம். தமிழில் வாசிக்கும் திறன் கருவிக்குக் கருவி மாறுபடும் என்பதால், வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குறைந்தவர்களுக்கு ஆண்ட்ராய்டில் உள்ள டாக்பேக் வசதி உதவும். இது திரையில் உள்ளவற்றை வாசித்துக் காட்டும்.

வாகனம் ஓட்டும்போது

கை தொடாமல் கேட்பது ஆபத்தற்றது என்ற எண்ணம் தவறானது. கைப்பேசியைப் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்றும், கை தொடாத கருவிகள் கையில் பிடிப்பவற்றைவிடப் பெரிதும் பாதுகாப்பானவை அல்ல என்றும் உலக சுகாதார அமைப்பு குறிப்பிடுகிறது. கைகள் ஓய்ந்திருந்தாலும் மனம் செய்தியில் ஆழ்ந்துவிடுவதே இதற்குக் காரணம். கனரக வாகனங்கள் மிகுந்த ஜி.என்.டி. சாலையில் ஒரு நொடிக் கவனச் சிதறலும் உயிரிழப்பில் முடியலாம்.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை வாகனம் ஓட்டும்போது பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் அடங்கும். முதல் குற்றத்திற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கைப்பேசியைத் தலைக்கவசத்தினுள் செருகிப் பேசாதீர்கள். தலைக்கவசம் சரியாகப் பொருந்தாமல் போகும். செய்தியைக் கேட்டே ஆக வேண்டுமெனில், வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின் கேளுங்கள்.

ஆலையில் பணிபுரியும்போது

• இயந்திரம் இயக்கும்போதும் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் இயங்கும் இடங்களிலும் இயர்போன் அணியாதீர்கள். எச்சரிக்கை ஒலி செவியில் விழாது.
• சாதாரண இயர்போன், காதடைப்பானுக்கு மாற்று ஆகாது. இரைச்சலை மிஞ்சும்படி ஒலியைக் கூட்டினால் செவித்திறன் நிரந்தரமாகக் குறையலாம். 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்பதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது.
• கைப்பேசிக்கு அனுமதி இல்லாத பணியிடமெனில், டைம் ஆபீஸ் அல்லது மேற்பார்வையாளரின் எண்ணை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.

அவசரச் செய்தி தவறிப்போகாமல் இருக்க

அவசர நிலையைக் குறுஞ்செய்தியாகவோ குரல் பதிவாகவோ அனுப்ப வேண்டாம், அழைக்க வேண்டும் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே கூறுங்கள். ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பில், குறிப்பிட்ட சிலரின் அழைப்பையும் அடுத்தடுத்து வரும் அழைப்பையும் மட்டும் அனுமதிக்க இயலும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், முகம் கோணுதல் போன்றவை ஏற்பட்டால், உங்கள் பதிலுக்குக் காத்திராமல் வீட்டார் முதலில் 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• மருந்தின் பெயரையும் அளவையும் காதால் கேட்டதை மட்டும் நம்பி மாற்றாதீர்கள். ‘மி.கி.’, ‘மி.லி.’ போன்றவை தவறாக ஒலிக்கக்கூடும். எழுத்தில் சரிபார்த்து, ஐயமிருப்பின் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.
• நிறுவனப் பேருந்திலும் விடுதி அறையிலும் ஒலிபெருக்கியில் செய்தி வாசிக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். நோய் விவரமும் ஓ.டி.பி. எண்ணும் பிறர் செவியில் விழக்கூடாது.
• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், காந்தம் உள்ள கைப்பேசியையும் இயர்போனையும் அக்கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தொலைவில் வைக்க வேண்டும். சட்டையின் மேல் பையில் வைக்கக்கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பணி முடிந்த பின் காதில் இரைச்சல் நீடித்தாலோ, பிறர் பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டாலோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகுங்கள். ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் செவித்திறன் மீளும் வாய்ப்பு குறையும்.