கிணற்றுக்குத் தானே மருந்திடும் பானை

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சாயப் பட்டறையின் மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்று வாய் திறந்தபடி கிடந்தது. நிறுத்துப் பார்த்ததில், இருப்புப் புத்தகத்தில் கண்ட எடைக்குக் குறைவில்லை. முகர்ந்து பார்த்தாலோ நெடி இல்லை. எடை இருந்தது, வீரியம் போய்விட்டது! இதற்கு என்ன தணிக்கைக் குறிப்பு எழுதுவது என்று சற்றுத் திகைத்தேன். அதே மூட்டையிலிருந்துதான் தங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மாதம் ஒரு முறை இரண்டு கை அள்ளிப் போடுவதாக அங்கத்தினர் சிலர் கூறினர். இக்கட்டுரைக்குக் காரணம் அந்தப் பேச்சேயாகும்.

நூலை வெளுக்கும் அதே குளோரின்தான் நீரிலுள்ள கிருமிகளையும் கொல்கிறது. ஆனால் அது நீரில் நிலைத்து நிற்பதன்று. உதிர்ந்த இலையும் சேறும் அதனைத் தின்றுவிடும்; வெயிலும் அதனை அழித்துவிடும். இரண்டு கை பவுடரைக் கொட்டினால் முதல் நாள் குடத்து நீர் நெடியடிக்கும். சில நாட்களில் ஒன்றும் மிஞ்சாது. வாந்திபேதியும் விஷக்காய்ச்சலும் நாள் பார்த்து வருவனவல்ல. குழாயிலோ குடத்திலோ எடுக்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சி நிற்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின் விதி. ஆகவே கேள்வி எவ்வளவு போடுவது என்பது மட்டுமன்று. ஓயாமல், சிறிது சிறிதாக, யார் போட்டுக்கொண்டிருப்பது என்பதே.

இக்கேள்விக்குப் பெரிய அளவில் விடை கண்டவர்களில் ஒருவர் ஜான் லீல் என்னும் மருத்துவர். அமெரிக்காவின் ஜெர்சி நகருக்குச் செல்லும் நீரில், 1908இல், பிளீச்சிங் பவுடர்க் கரைசலை இடைவிடாமல் ஊட்டுவதற்கு அவர் ஏற்பாடு செய்தார். குடிநீரில் நஞ்சைக் கலக்கலாமா என்று வழக்கே நடந்தது. ஊட்டிய அளவோ, பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு குளோரினுக்கும் குறைவு!

இன்று சென்னை போன்ற நகரங்களில் வசதியுள்ளோர் இல்லத்து நீச்சல் குளங்களில் இவ்வேலையை மின்கருவி செய்கிறது. நீரின் கார அமிலத் தன்மையை ஓர் உணர்கோல் பார்க்கிறது. கிருமியைக் கொல்லும் ஆற்றலை மற்றொன்று மில்லிவோல்ட் கணக்கில் பார்க்கிறது. குறைவு தென்பட்டால் சிறு பம்பு ஒன்று மருந்தைச் சொட்டவிடுகிறது. வியக்கத்தக்கதுதான், ஆனால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. மின்சாரம் போய் நீரோட்டம் நின்றபின்னும் மருந்துப் பம்பு ஓடுமானால், குழாயில் தேங்கிய கடுமருந்து முழுவதும் அடுத்த முறை ஒரே வீச்சில் குளத்தில் பாயும். அமிலமும் குளோரின் மருந்தும் அக்குழாயில் கலந்தால் நச்சு வாயுவே எழும். எனவே நீர் ஓடும்போது மட்டும் மருந்து ஓடுமாறு பூட்டு அமைக்கிறார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தில் வென்சூரி வைத்து உரக் கரைசல் விடும் விவசாயிகளுக்கு இது புதிதன்று. அங்கே நீர் நின்றால் உரமும் நின்றுவிடுகிறது.

நம் வீட்டுக் கிணற்றுக்கு மின்சாரமே வேண்டாத கருவி ஒன்று உண்டு. அதுவே இரட்டைப் பானை. நாகபுரியில் 1958இல் நிறுவப்பட்டு, இன்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிலையம் இதனை வகுத்தது. ஒற்றைப் பானையைச் சிறு கிணற்றில் விட்டபோது குளோரின் மிதமிஞ்சி இறங்கியது. அதனால்தான் பானைக்குள் பானை வந்தது.

உள்பானையின் மேற்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அகலத் துளை ஒன்று இடுக. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரும் இரண்டு கிலோ பருமணலும் ஈரமாகப் பிசைந்து, துளைக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி நிரப்புக. இதனை வெளிப்பானைக்குள் வைக்கவேண்டும். வெளிப்பானைக்கும் அதே அகலத் துளை உண்டு. ஆனால் அது அடியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். வாயைப் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது கீழே கயிற்றில் இறக்குக. மேலே நின்றால் வாளி மோதி உடைத்துவிடும். மேல் துளை வழியே கசியும் மருந்து, கீழ்த் துளையை அடைந்த பிறகே கிணற்றில் கலக்கிறது. இந்த மெதுநடையே அதன் சூத்திரம்.

சுமார் 4,500 லிட்டர் நீருள்ள, நாளொன்றுக்கு 360 முதல் 450 லிட்டர் வரை இறைக்கும் கிணற்றுக்கு இது இரண்டு மூன்று வாரம் வரும். ஒன்றரை மீட்டர் குறுக்களவும் இரண்டரை மீட்டர் நீராழமும் உள்ள உறைகிணறு இக்கணக்குக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் கண்டாச்சிபுரம் பக்கத்தில் பாறையை உடைத்துத் தோண்டிய பாசனக் கிணறுகளின் கணக்கு வேறு. எட்டு மீட்டர் அகலத்தில் ஐந்து மீட்டர் நீர் நின்றால் அது இரண்டரை லட்சம் லிட்டர்! அதில் இரட்டைப் பானை கடலில் கரைத்த பெருங்காயம். அக்கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதனைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கே மருந்திடுவதே சரி. வீரியமுள்ள பவுடர் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுக. அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துக. வசதியுள்ளவர்கள், மோட்டார் ஓடும்போது மட்டும் ஓடும் மருந்துப் பம்பை இணைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு சோதனை வேண்டுமா என்று கேட்கிறார்கள். பானைக்குக் கண் இல்லை. மழையில் கிணறு நிரம்பினாலும், மருந்து தீர்ந்துபோனாலும் அது சொல்லாது. உணர்கோல் வைத்த கருவியும், கோலில் உப்புப் படிந்தால் பொய் சொல்லும். நீரில் சொட்டு மருந்திட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் ஆர்த்தோடாலிடின் முறையைச் சுகாதார ஊழியர் கையில் பலர் பார்த்திருப்பீர்கள். அம்மருந்து புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயத்தால், இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரையே இப்போது விரும்பப்படுகிறது. வாரம் இருமுறை, காலையில் முதற்குடம் எடுத்தவுடன் பார்த்தால் போதும். நிறம் எழவில்லையெனில் பானையை மேலே இழுத்து மீண்டும் நிரப்புக.

பவுடரை ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் புதிதாக வாங்கி, இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைக்கவும். கழிப்பறை ஆசிட் பாட்டிலை அதன் அருகே வைக்கவே கூடாது.