மேனேஜருக்கு வந்த ‘டு’

டீயைக் குடித்துக்கொண்டே கேள் தம்பி. உன் விடுப்புக் கடிதத்தில் ஒரே ஒரு இடம்தான் இடறுகிறது. ‘ஐ இன்ஃபார்ம்ட் டு த மேனேஜர்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘டு’ அங்கே வரக்கூடாது.

அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘மேனேஜருக்கு இன்ஃபார்ம் பண்ணிட்டேன்’ என்றுதானே பேசுகிறோம். அந்த ‘கு’, நம் நான்காம் வேற்றுமை, ஆங்கிலத்துக்குள் போனதும் ‘டு’ ஆகிவிட்டது. தமிழில் அது முழுக்கச் சரி. செய்தியைத் தெரிவிக்கிறோம், ஆளுக்குத் தெரிவிக்கிறோம்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு. லத்தீனில் ‘இன்ஃபார்மாரே’ என்றால் உருக்கொடுப்பது. ‘ஃபார்ம்’ அதற்குள்ளேயே இருக்கிறது, பார். ஒருவர் மனத்தை உருவாக்குவது, கற்பிப்பது என்று பொருள் வளர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உருக்கொள்வது கேட்கிற ஆள். அதனால் வினை நேராக அவர்மேல் போய் விழுகிறது, இடையில் ‘டு’ நிற்க இடமில்லை. ‘ஐ இன்ஃபார்ம்ட் த மேனேஜர்.’ எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இது. தெரிந்துகொண்ட பிறகு நான் இந்தப் பிழையைச் செய்ததே இல்லை.

செய்திக்குத்தான் துணை வேண்டும்: ‘இன்ஃபார்ம்ட் ஹெர் ஆஃப் மை லீவ்’, அல்லது ‘தட்’ போட்டு முழு வாக்கியம். ‘இன்ஃபார்ம் மீ த டேட்’ தவறு; ‘ஆஃப் த டேட்’ என்று எழுது.

நம் அலுவலகங்களில் புழங்கும் ‘இன்டிமேட்’டைப் பார்த்தால் குழப்பம் கூடும். அது செய்தியைப் பிடித்துக்கொள்ளும் வினை: ‘இன்டிமேட் த டேட் டு த ஆஃபீஸ்’. அங்கே ‘டு’ உண்டு. ‘ப்ளீஸ் இன்டிமேட் மீ’ என்பதுதான் பிழை. இன்னொன்று, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு ஜாடையாக உணர்த்துவது என்ற பொருளே முதலில் தோன்றும். வெளிநாட்டுக் கடிதத்தில் ‘இன்ஃபார்ம்’ போதும்.

வீட்டில் இதுவும் வேண்டாம். ‘ஐ இன்ஃபார்ம்ட் மை மதர்’ என்றால் அம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது போல இருக்கும். ‘டோல்ட்’ என்று சொல்.

பேனா இருக்கிறதா? அந்த ‘டு’வை அடித்துவிட்டு, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படி.