வளையத்தடியில் கோட்டை விடலாமா?

எதிரணி ஆட்களை எல்லாம் ஏமாத்தியாச்சு. வளையத்துக்குக் கீழே வந்தாச்சு. பந்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. 'டங்!' பந்து கம்பியில் பட்டு வெளியே ஓடுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை!

கூடைப்பந்து மைதானங்களில் அன்றாடம் நடக்கும் கூத்து இது. தூரத்தில் நின்று எறிந்து தவறினால் யாரும் கேட்பதில்லை. கிட்டே போய்த் தவறினால் கூட்டம் சும்மா விடுமா? ஒரு பாயிண்டில் தோற்ற அணிக்கு அந்த ஒரு பந்துதான் எமன். விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி சீட், ரயில்வே வேலை என்று காத்திருக்கும் பையனுக்கோ அது வயிற்றுப் பிரச்சினை!

ஏன் தவறுகிறது?

வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்து சுமார் 24 சென்டிமீட்டர்தான். இடம் தாராளம். பிறகு என்ன கோளாறு?

மூன்று காரணம். ஒன்று, ஓடி வந்த வேகம் பந்திலும் ஏறிவிடுகிறது. பலகையில் அறைந்தால் திரும்பி வராமல் என்ன செய்யும்? இரண்டு, இடிக்க வருகிறவனைப் பார்த்ததும் கண் வளையத்தை விட்டுப் போகிறது. மூன்று, இடது கை. இடப்பக்கம் போனாலும் வலது கையாலேயே போடுகிறார்கள். காத்திருக்கிறவன் சுலபமாகத் தட்டிவிடுகிறான்.

தடுமாறிய நெட்டையர்

அமெரிக்காவில் ஜார்ஜ் மைக்கன் என்று ஒருவர். உயரம் 6 அடி 10 அங்குலம். தடித்த மூக்குக்கண்ணாடி. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். 1942-ல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த ரே மேயர் இவரை விடவில்லை. கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டை, நடனம்கூடப் பழக வைத்தார். வளையத்தடியில் நிறுத்தி வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றிப் பந்து போட வைத்தார்.

பலன்? 1945-ல் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியில் ரோட் ஐலண்ட் அணியை டிபால் 97-53 என்று நொறுக்கியது. மைக்கன் மட்டும் 53 பாயிண்ட். எதிரணி மொத்தமும் எடுத்ததும் அதே 53! பிற்பாடு இவர் தொல்லை தாங்காமல் 1951-ல் என்.பி.ஏ. வளையத்தடிக் கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது.

நீங்களும் செய்யலாம்

அந்தப் பயிற்சிக்கு இன்றும் 'மைக்கன் டிரில்' என்றுதான் பெயர். வளையத்தின் வலப்பக்கம் நில்லுங்கள். இடது காலில் எம்பி, வலது கையால் பலகையில் மெதுவாகப் பந்தை வையுங்கள். எறியக் கூடாது, வைக்கணும்! பலகையில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்மூலைதான் குறி. விழும் பந்தைத் தரை தொடுமுன் பிடித்து அப்படியே இடப்பக்கம். இப்போது வலது காலில் எம்பி, இடது கை.

பந்தை இடுப்புக்கு இறக்காதீர்கள். இறக்கினால் பக்கத்தில் நிற்கும் குட்டைப் பையன்கூடப் பறித்துவிடுவான். மோவாய்க்கு மேலேயே இருக்கட்டும்.

அது பழகியதும் நண்பனைத் தோளில் இடிக்கச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். இடிக்கிறவனுக்கும் பந்துக்கும் நடுவே உங்கள் உடம்பு இருக்கணும். இரண்டு காலிலும் எம்பினால் இடி வாங்கினாலும் சாய மாட்டீர்கள்.

தினம் பத்து நிமிஷம் போதும். காசு செலவு இல்லை. முதல் வாரம் இடது கை பேச்சைக் கேட்காது. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடைசி நிமிஷத்தில் ஒரு பாயிண்ட் பின்தங்கி நிற்கும்போது, அந்த இடது கைதான் மானத்தைக் காப்பாற்றும்!